அளவுகோல் எவர் கையில்?

அரசின் துறைகளுள் எளிதில் மாறாதது காவல்துறையே. பள்ளியைத் திருத்தப் புகுவார்க்குப் பெற்றோர் துணைநிற்பர். மருத்துவமனையைத் திருத்தப் புகுவார்க்கு நோயாளர் துணைநிற்பர். காவல்துறையைத் திருத்தப் புகுவார்க்கோ, அதனை அஞ்சும் மக்கள் வாய்திறவார். அதனால் பயன்பெறும் ஆட்சியாளர் கைகொடார். அதனுள்ளே இருக்கும் நல்லவரும் தம் மேலவரை மீறி ஒருசொல் கூறத் துணியார். துமுக்கியும் தடியும் கொட்டடியின் திறவுகோலும் ஒரே கையில் வைத்திருக்கும் ஓர் அமைப்பு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது, துலாக்கோலையும் எடைக்கல்லையும் வணிகனிடமே விட்டுவிட்டு, எடை சரியா என்று அவனையே வினவுவது போன்றதாகும்.

எனில், காவல்துறை மாறவே மாறாதா? மாறும். மாறிய நாடும் உண்டு. ஆனால் அம் மாற்றம் வந்த வழியையும், வந்த மாற்றம் எங்கெங்கு நின்றது, எங்கெங்குத் தேய்ந்தது என்பதையும் கூர்ந்து நோக்கினாலன்றி, அதன் பயன் பிறர்க்கு விளங்காது. அந்நாடு வட அயர்லாந்து.

ஒரே அச்சில் வார்த்த இரு படைகள்

ஆங்கிலேயர் தமக்கென அமைத்துக்கொண்ட காவல்முறை வேறு. தம் ஆளுகைக்குக் கீழ்ப்படுத்திய மக்களுக்கென அமைத்த காவல்முறை வேறு. இலண்டன் மாநகரில் 1829ஆம் ஆண்டு தோன்றிய காவலர் துமுக்கியின்றித் தெருவில் நடந்தனர். அயர்லாந்தில் 1836ஆம் ஆண்டு ஒருங்கிணைக்கப்பெற்ற காவற்படையோ, படைக்கலந் தாங்கிப் படைவீடுகளில் தங்கி, ஊர்மக்களினின்று ஒதுங்கி நின்று, நடுவிடத்தின் ஆணைக்கு மட்டுமே கட்டுப்பட்டது. பீனியர் கிளர்ச்சியை அது ஒடுக்கியமைக்குப் பரிசாக 1867இல் 'அரச' என்னும் அடைமொழியும் அதற்கு வழங்கப்பெற்றது. குற்றத்தைத் தடுப்பதினும் குடிகளை அடக்குவதே அதன் முதற்பணி.

சிந்து நாட்டை 1843இல் கைப்பற்றிய சார்லசு நேப்பியர் அயர்லாந்து முறையையே அங்கு நட்டார். சென்னை மாகாணத்திலோ, வரி தண்டும் கையும் காவல் செய்யும் கையும் ஒன்றாகவே இருந்தன. உழவர்க்குக் கிட்டி பூட்டி வருத்தி வரியைப் பறிப்பதும், பிடிபட்டவரை வருத்தி ஒப்புதலுரை பறிப்பதும் நாள்தோறும் நடந்தன. அக் கொடுமையை உசாவிய ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. அதன்பின் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல்துறை அமைந்தது. 1861இல் இந்தியாவுக்கான காவற்சட்டம் பிறந்தது. இவற்றுக்கெல்லாம் அயர்லாந்துக் காவற்படையே பெரிதும் முன்வடிவாக நின்றது. கொடுமையைப் போக்கப் பிறந்த துறை, அடக்குதற்கென வார்த்த அச்சிலேயே வார்க்கப்பெற்றது என்பதை ஈண்டு மறத்தலாகாது.

ஆகவே, அயர்லாந்தின் வடபுலத்தில் அவ்வச்சு எவ்வாறு உடைக்கப்பெற்றது என்னும் செய்தி, தமிழர்க்கு எங்கோ ஓர் அயல்நாட்டின் கதை அன்று. தனக்குள்ள நோயே தன் உடன்பிறந்தானுக்கும் இருக்க, அவன் அதற்கு மருந்துண்டு பாதி தேறிய செய்தி அது.

மேலாடை மட்டும் மாறிய காலம்

அயர்லாந்து பிரிவுற்றபோது, வடபுலத்தின் ஆறு கோட்டங்களுக்கென 'அரச அல்சுட்டர் காவற்படை' 1922 சூன் திங்களில் நிறுவப்பெற்றது. அதில் மூன்றில் ஒரு பங்கு இடம் கத்தோலிக்கர்க்கென ஒதுக்கப்பெற்றது. அவ் வொதுக்கீடு ஒருநாளும் நிரம்பவில்லை. எழுத்தில் இருந்தது, எண்ணிப் பார்ப்பார் இல்லை. பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பிய சீர்திருத்தக் கிறித்தவர் பெரும்பான்மையினராய் ஆண்ட அந்நாட்டில், காவற்படை அப் பெரும்பான்மையின் படையாகவே வளர்ந்தது.

1968 அத்தோபர் 5ஆம் நாள் தெரி நகரில் குடியுரிமை கேட்டு ஊர்வலம் வந்தோரைக் காவலர் தடிகொண்டு தாக்கிய காட்சியைத் தொலைக்காட்சி வழியே உலகம் கண்டது. அடுத்த ஆண்டே அண்டு என்பார் தலைமையில் ஒரு குழு அமர்ந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. காவலர் படைக்கலமின்றிப் பணிசெய்ய வேண்டும் என்றது. கத்தோலிக்கர் பெரிதும் அஞ்சிய துணைக் காவற்படையைக் கலைக்க வேண்டும் என்றது. 1970இல் துணைப்படை கலைக்கப்பெற்றது. ஆனால் அதனிடத்தில் எழுந்த புதிய படைப்பிரிவில் பழைய துணைப்படையினர் பலர் சென்று சேர்ந்தனர். காவலர் கீழே வைத்த துமுக்கியும் நெடுநாள் கழியுமுன் மீண்டும் அவர்தம் கைக்கு வந்தது. மேலாடை மாறிற்று; உடல் மாறவில்லை.

அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் குருதி ஆறாக ஓடியது. 3,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் 300க்கும் மேற்பட்டோர் காவலர். காவலரைக் கொன்றவரும் உண்டு. காவலரால் கொல்லப்பட்டவரும் உண்டு. காவலிற் சேர்ந்த கத்தோலிக்கரைத் தம்மவரே இரண்டகர் என இழித்தனர். படைக்கலக் குழுக்கள் அவரைக் குறிவைத்தன. 1990களின் இறுதியில், மக்கள்தொகையில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலிருந்த கத்தோலிக்கர், காவற்படையில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவிலேயே இருந்தனர்.

1969இல் திருத்த முனைந்தோர் தீய எண்ணத்தினர் அல்லர். அவர்தம் முயற்சி தோற்ற கரணியம் ஒன்றே: திருத்தச் சொன்னவர் சொல்லிவிட்டுப் போயினர்; திருந்தியதா என்று நின்று பார்க்க எவரும் இல்லை.

மக்களைக் கேட்டு வரைந்த திட்டம்

1998 ஏப்பிரல் 10ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, வட அயர்லாந்தின் இருதரப்பாரும் பிரித்தானிய அரசும் அயர்லாந்து அரசும் உடன்பாடு கண்டனர். காவல்துறைபற்றி அன்று அவர்க்குள் ஒத்த கருத்து அமையவில்லை. எனவே, அச் சிக்கலைத் தனித்தியங்கும் ஆணையம் ஒன்றனிடம் ஒப்படைத்தனர். ஆங்காங்கின் இறுதி ஆங்கிலேய ஆளுநராய் இருந்த கிறிசு பேட்டன் அதன் தலைவர். அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளினின்று காவலியல் அறிந்தாரும் அதில் அமர்ந்தனர்.

அவ்வாணையம் தலைநகரில் அமர்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கவில்லை. ஊரூராகச் சென்று பொதுக்கூட்டம் கூட்டியது. அக் கூட்டங்களுக்கு ஏறத்தாழ 10,000 பேர் வந்தனர்; 1,000க்கும் மேற்பட்டோர் எழுந்து பேசினர். காவலரை இழந்த குடும்பத்தாரும், காவலரால் இழந்த குடும்பத்தாரும் தத்தம் துயரை எடுத்துரைத்தனர். அவற்றையெல்லாம் கேட்டபின்னரே, 1999 செபுதம்பரில் 175 பரிந்துரைகள் கொண்ட அறிக்கை வெளிவந்தது.

அப் பரிந்துரைகளின் போக்கை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். ஓர் அமைப்பை மாற்றுதல் என்பது அதன் ஆட்களை மாற்றுதல், அடையாளத்தை மாற்றுதல், அது விடைசொல்லக் கடமைப்பட்ட இடத்தை மாற்றுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே. ஒன்றை விட்டு ஒன்றைச் செய்வார் எதையும் செய்யாதவரே ஆவர்.

ஆட்கள் மாறிய வகை இது. துணைக் காவலரையும் சேர்த்து அன்று 13,000க்குச் சற்றுக் குறைவாக இருந்த படையை, 7,500 முழுநேரக் காவலர் கொண்டதாகச் சுருக்கப் பரிந்துரைக்கப்பெற்றது. எவரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. நெடுநாள் பணியாற்றியவர் தாமே விரும்பி விலகுதற்குத் தக்க தொகையும் ஓய்வூதியமும் வழங்கப்பெற்றன. அவ்வாறு ஒழிந்த இடங்களுக்குப் புதியவரைச் சேர்க்கும்போது, தேர்வில் தகுதி பெற்றாருள் பாதிப்பேர் கத்தோலிக்கர், பாதிப்பேர் பிறர் என எடுத்தனர். தகுதியைத் தாழ்த்தவில்லை, தகுதியுற்றாரிடையே பங்கை ஒப்பாக்கினர். தகுதியிருந்தும் இடம் பெறாத இளைஞர் பலர் வருந்தினர். அவ் வருத்தம் பொய்யன்று. ஆயினும் 2001இல் தொடங்கி 2011 மார்ச்சு வரை அம் முறை நின்றது. அப் பத்தாண்டில், நூற்றுக்கு எட்டாக இருந்த கத்தோலிக்கர் பங்கு நூற்றுக்கு முப்பதளவுக்கு உயர்ந்தது. 1922இல் எழுத்தில் இட்டு எண்பதாண்டு நிரம்பாத ஒதுக்கீடு, ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கத் தொடங்கியதும் பத்தாண்டில் நிரம்பும் நிலையை எட்டிற்று.

பெயரும் பொறியும்

'பெயரில் என்ன இருக்கிறது?' என்று கேட்பார் எங்கும் உண்டு. பெயரில் ஒன்றும் இல்லையாயின், அதை மாற்றுதற்கு ஏன் அத்தனை எதிர்ப்பு எழுந்தது? 'அரச' என்னும் சொல்லும், 'படை' என்னும் பொருளும் நீங்கி, 2001 நவம்பர் 4ஆம் நாள் 'வட அயர்லாந்துக் காவற்பணி' என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. படை என்பது பகைவர்க்கு எதிரே நிற்பது. பணி என்பது மக்களுக்குச் செய்வது. ஒரு சொல் மாறிய அளவில் உள்ளம் மாறிவிடாது. ஆனால் நாள்தோறும் தன்னைப் 'படை' என்றே சொல்லிக்கொள்வான் உள்ளம் பணியை நாடுதலும் அரிது.

தொப்பியில் அணியும் பொறியை மாற்றுவதிலும் அதே கருத்து நின்றது. மணிமுடியை மட்டும் வைத்தால் ஒருசாரார் வெறுப்பர். யாழையும் முவ்விலைத் தழையையும் மட்டும் வைத்தால் மறுசாரார் வெறுப்பர். எனவே மணிமுடி, யாழ், முவ்விலை, துலாக்கோல், தீப்பந்தம், ஒலிவக்கிளை ஆகிய ஆறும் ஒரே பொறியில் இடம்பெற்றன. 2001 திசம்பரில் இருதரப்பு உறுப்பினரும் கூடி இதனை ஏற்றனர். காவல் நிலையங்களின்மேல் பிரித்தானியக் கொடி பறப்பதும் நின்றது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. பழைய பெயரை அவர்கள் புழுதியில் எறியவில்லை. அப் பெயர் தாங்கி மாண்டவர் பலர். அவர்தம் குடும்பங்கள் வாழ்கின்றன. புதிய சட்டத்தின் முறையான பெயரில் பழைய படையும் இதனுள் அடங்கியது என்று குறிக்கப்பெற்றது. மாண்ட காவலர் நினைவுக்கென ஓர் அறக்கட்டளையும் நிறுவப்பெற்றது. மாற்றத்தால் இழப்பவன் மதிப்பையும் காத்தாலன்றி மாற்றம் வேர்பிடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

வெளியிலிருந்து பார்க்கும் கண்கள்

இவை யாவும் உடலின் உறுப்புகள், உயிர்நாடி வேறு. காவல்துறைக்கு வெளியே, காவல்துறையின் கைக்கு எட்டாத இடத்தில், மூன்று கண்கள் வைக்கப்பெற்றன.

முதலாவது, காவல் வாரியம். அதன் உறுப்பினர் 19 பேர். அரசியற் கட்சியினர் 10 பேர், கட்சி சாராதார் 9 பேர். காவல்துறைத் தலைவரை அமர்த்துவதும், அவரை அழைத்து மக்கள் முன்னிலையில் விடைகேட்பதும் அதன் பணி. இரண்டாவது, முறையீட்டு நடுவர். 2000 நவம்பரில் தொடங்கிய அவ் வலுவலகம் காவலர்மீது வரும் முறையீடுகளைத் தன் சொந்தப் புலனாய்வாளரைக் கொண்டே உசாவியது. காவலர்மீதான குற்றத்தைக் காவலரே உசாவும் பழைய முறை அன்றோடு அங்கு ஒழிந்தது. மூன்றாவது, மேற்பார்வை ஆணையர். அவர் காவலரை ஆள்பவரும் அல்லர், ஒறுப்பவரும் அல்லர். அவர் பணி ஒன்றே: 175 பரிந்துரைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, 'இது முடிந்தது, இது பாதியில் நிற்கிறது, இது தொடங்கவே இல்லை' என்று அளந்து, அவ் வளவை மக்களுக்கு அச்சிட்டுத் தருவது. வட அயர்லாந்தார் அல்லாத ஒருவரே அதற்கு அமர்த்தப்பெற்றார். 2007 வரை அவ்வலுவலகம் அளந்துகொண்டே இருந்தது.

இக் கண்களுக்கு உண்மையிலேயே பார்வை உண்டா என்னும் ஆய்வு விரைவிலேயே வந்தது. 1998 ஆகத்து திங்களில் ஓமா நகரில் வெடித்த குண்டு 29 பேரைக் கொன்றிருந்தது. அதுபற்றி முன்னரே வந்த செய்திகளைக் காவல்துறையின் உளவுப் பிரிவு எவ்வாறு கையாண்டது என்பதை முதல் முறையீட்டு நடுவரான நூலா ஓலோன் அம்மையார் ஆராய்ந்தார். காவற்றலைமையின் தீர்ப்பிலும் வழிநடத்தலிலும் குறையுண்டு என 2001 திசம்பரில் வெளிப்படையாக அறிக்கை தந்தார். காவல்துறைத் தலைவர் கடுஞ்சினங் கொண்டு மறுத்தார். ஆயினும் அறிக்கை மறைக்கப்படவில்லை, அம்மையாரும் அகற்றப்படவில்லை, தம் காலம் முடியும்வரை, 2007 வரை, அவ்விருக்கையிலேயே இருந்தார்.

மக்கள் நம்பத் தொடங்கியதும் அக்காலத்திலேயே. காவலர் எவரும் உறுப்பினராகக் கூடாது என்று நெடுங்காலம் விலக்கி வைத்திருந்த கேலிக்கு விளையாட்டுக் கழகம் 2001 நவம்பரில் அத்தடையை நீக்கியது. காவல்துறையை ஏற்கவே மாட்டோம் என்றிருந்த சின் பெயின் கட்சி 2007 சனவரியில் சிறப்பு மாநாடு கூட்டி அதனை ஏற்றது. 2011 ஏப்பிரலில் கத்தோலிக்க இளங்காவலர் ஒருவர் அதே ஓமா நகரில் குண்டுக்கு இரையானபோது, அவர்தம் பிணப்பேழையைக் கேலிக்கு விளையாட்டுக் கழகத்தாரும் காவலரும் மாறிமாறித் தோளில் சுமந்தனர். பத்தாண்டுக்கு முன்னர் எவரும் கனவிலும் காணாத காட்சி அது.

அளப்பது தளர்ந்தபோது

வட அயர்லாந்தில் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வது பொய்யாகும். 2011இல், முறையீட்டு நடுவர் அலுவலகத்தையே குற்றவியல் முறை ஆய்வுத்துறை ஆராய்ந்து, அதன் தனித்தியங்கும் தன்மை தாழ்ந்துவிட்டது என்று அறிவித்தது. அன்று அவ்விருக்கையில் இருந்தவர் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் விலகினார். இதில் குறையும் உண்டு. குறையைக் காணும் முறையும் உண்டு. அளவுகோல் வளைந்தபோது, அதனை அளக்க இன்னொரு கோல் அங்கு இருந்தது.

சரிபாதிச் சேர்ப்பு 2011இல் நிறுத்தப்பெற்றபின், கத்தோலிக்கர் பங்கு மேற்கொண்டு ஏறாமல் ஏறத்தாழ 32 விழுக்காட்டளவில் பல்லாண்டு தேங்கியது. காவலர் தொகை பரிந்துரைத்த 7,500க்கு வராமல், 2023இல் 7,000க்கும் கீழே சென்றது. அவ்வாண்டு ஆகத்தில், காவல்துறையின் தவற்றால் அதன் பணியாளர் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர் விளக்கங்கள் வெளியாகிவிட்டன. பெயர் வெளிப்பட்டாலே உயிருக்கு ஊறு நேரும் நாட்டில் அது சிறு பிழை அன்று. அடுத்த திங்களில் காவல்துறைத் தலைவர் பொறுப்பினின்று விலகினார்.

இவற்றால் அறியத்தகுவது யாது? மாற்றம் என்பது ஒருமுறை கட்டி முடிக்கும் கோபுரம் அன்று. ஆண்டுதோறும் கரையை உயர்த்திக் காக்க வேண்டிய ஏரி. அளப்பார் இருந்தவரை நீர் உயர்ந்தது. அளப்பார் அகன்றதும் நின்றது.

தமிழ்நாட்டில் நின்ற இடம்

அதே அச்சில் வார்த்த மற்றொரு படைக்கு நேர்ந்ததை இனி நோக்குக. 1902–03இல் பிரேசர் ஆணையம் இந்தியக் காவல்துறையைக் கையூட்டும் கொடுமையும் மிக்கதென்று கூறிற்று. கூறியது ஆங்கிலேயரே, மாறியது சிறிதே. நாடு விடுதலை பெற்றபின், 1977இல் தரும வீரா தலைமையில் அமைந்த தேசியக் காவல் ஆணையம் 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள் தந்தது. அவை பேழையில் உறங்கின. காவல்துறை உயர் அலுவலராயிருந்து ஓய்வுபெற்ற பிரகாசு சிங்கு 1996இல் வழக்குத் தொடுக்க, உச்ச முறைமன்றம் 2006 செபுதம்பர் 22ஆம் நாள் ஏழு கட்டளைகள் இட்டது. அவற்றுள் ஒன்று, காவலர்மீதான முறையீடுகளை உசாவுதற்கு மாநிலத்திலும் மாவட்டங்களிலும் தனி ஆணையங்கள் அமைத்து, ஓய்வுபெற்ற முறைமன்ற நடுவரை அவற்றின் தலைவராக்க வேண்டும் என்பது.

தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. முறையீட்டு ஆணையமும் அதில் இடம்பெற்றது. ஆனால் மாநில ஆணையத்தின் தலைவர் எவர்? உள்துறைச் செயலாளர். உறுப்பினர் எவர்? காவல்துறைத் தலைமை இயக்குநர். மாவட்டத்தில் தலைவர் மாவட்ட ஆட்சியர். உறுப்பினர் காவல் கண்காணிப்பாளர். எவர்மீது முறையிட வேண்டுமோ, அவருடைய மேலவரிடமே முறையிட வேண்டும் என்று சட்டம் வகுத்தது. வெளிக்கண் வைக்கச் சொன்னால், உள்ளிருக்கும் கண்ணுக்கே வெளிக்கண் என்று பெயர் சூட்டினர்.

இதன் விளைவைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 சூன் திங்களில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவற்கொடுமைக்கு உள்ளாகி உயிரிழந்தனர். உண்மை அறியச் சென்ற முறைமன்ற நடுவர்க்கே அந் நிலையத்தில் ஒத்துழைப்பு மறுக்கப்பட்டது. நிலையத்தின் படக்கருவிப் பதிவுகளைத் தேடியபோது, அவை நாள்தோறும் தாமே அழிந்துபோகுமாறு அமைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கருவி இருந்தது, பதிவு இல்லை. அளவுகோல் சுவரில் தொங்கியது. அதன் கோடுகளை அழிக்கும் கை நிலையத்துக்குள் இருந்தது. அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் அஞ்சாது உண்மை உரைத்தமையும், உயர் முறைமன்றம் அந்நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் விடச் செய்தமையும் அன்றி, அச் சாவுகளும் ஏட்டில் ஒரு வரியாய் முடிந்திருக்கக்கூடும்.

ஆணையால் மட்டும் மாற்றம் வாராது என்பதற்கு இன்னுமொரு சான்று உண்டு. காவலரை உயர் அலுவலர் வீட்டு ஏவலராக வைக்கும் இழிமுறையை ஒழித்து 1979இலேயே ஆணை பிறந்தது. 2022இலும் அம்முறை நிலவுவதைச் சென்னை உயர் முறைமன்றம் கண்டிக்க நேர்ந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அவ்வாணை உயிரோடுதான் இருந்தது; அது நடக்கிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை. மேலவர் வீட்டில் நாய்க்குச் சோறிடவும் துணி வெளுக்கவும் பணிக்கப்படும் காவலன், தன் இழிவுக்கு ஈடாகத் தனக்கும் கீழே ஒருவனைத் தேடுவான். அவனிடம் அகப்படுபவன் ஏழை. ஆகவே காவலனை மாந்தனாக நடத்தும் மாற்றமும், காவலன் மக்களை மாந்தராக நடத்தும் மாற்றமும் இரண்டல்ல, ஒன்றே.

தமிழ்நாட்டுக்கு மாற்றம் இயலாததன்று. 1992இல் மகளிர் காவல் நிலையங்கள் இங்குத் தோன்றின. ஆண்காவலர் முன் நின்று சொல்ல நாணிய துயரங்களைப் பெண்கள் சென்று சொல்லுதற்கு ஒரு வாயில் திறந்தது. ஆட்கள் மாறினால் வாயில் திறக்கும் என்பதற்கு அது சான்று. உள்ளே சென்ற முறையீடு என்னாயிற்று என்று அளப்பதற்கும் வெளியார் ஒருவர் இருந்திருப்பின், அதன் பயன் பன்மடங்காகியிருக்கும்.

நடுவணரசு செய்ததோ பெயர்மாற்றம். 1860இன் குற்றச் சட்டத்தையும் அதன் துணைச் சட்டங்களையும் நீக்கி, 2024 சூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்களைக் கொணர்ந்து, அவற்றுக்கு வடமொழிப் பெயர்களைச் சூட்டியது. அல்சுட்டரில் பெயர் மாற்றியவர் எல்லாத் தரப்பாரும் ஏற்கும் பெயரைத் தேடினர். இங்கு மாற்றியவர் ஒரு தரப்பாரின் மொழியையே எல்லார் தலைமேலும் வைத்தனர். குடியேற்ற ஆட்சியின் சுவட்டை அழிப்பதாகச் சொல்லினர்; 1861இன் காவல் அச்சை உடைக்கவில்லை.

செய்யத்தக்கது

வெளியார் கண் வைத்தால் காவலர் ஊக்கம் குன்றும், குற்றவாளிகள் துணிவர் என்று சிலர் கூறுவர். குற்றமற்ற காவலனுக்கு வெளிக்கண்ணே காப்பு. துறைக்குள்ளேயே உசாவி 'குற்றம் இல்லை' என்று சொல்லும்போது, அது உண்மையாகவே இருந்தாலும் மக்கள் நம்புவதில்லை. வெளியார் உசாவி அதே முடிவைச் சொன்னால் நம்புவர். அஞ்ச வேண்டியவன் தவறிழைத்தவனே. அவன் அஞ்சுவதே அம்முறையின் பயன்.

எனவே தமிழ்நாட்டு மக்கள் கேட்க வேண்டியவை சிலவே. ஆனால் உறுதியாகக் கேட்க வேண்டியவை. முறையீட்டு ஆணையத்தினின்று உள்துறையும் காவல்துறையும் விலகி, ஓய்வுபெற்ற முறைமன்ற நடுவர் தலைமையில், அதற்கெனத் தனிப் புலனாய்வாளர் அமர்த்தப்பெற வேண்டும். காவல் நிலையங்களின் படப்பதிவுகளை 18 திங்கள் காக்க வேண்டும் என 2020 திசம்பரில் உச்ச முறைமன்றம் இட்ட கட்டளை நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு நிலையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். சீர்திருத்தம் எனச் சொல்லப்பட்டவற்றுள் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்று அளந்து, ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு, ஊர்தோறும் படித்துக்காட்ட ஓர் ஆணையர் வேண்டும். திட்டம் தீட்டுமுன் ஊர்மன்றங்களில் மக்களைக் கேட்க வேண்டும். மக்களோடு காவலரையும் கேட்க வேண்டும்.

காவல் என்னும் சொல் 'கா' என்னும் வேரினின்று பிறந்தது; காத்தல் என்பதே அதன் பொருள். அயலான் தன் ஆட்சியைக் காத்துக்கொள்ள வார்த்த அச்சில், அச்சொல் தன் பொருளை இழந்து கிடக்கிறது. அச்சொல்லுக்கு அதன் பொருளை மீட்டுத் தருவது சட்ட ஏட்டின் வரிகளால் மட்டும் இயலாது. காவலன் காத்தானா என்று அளக்கும் கோல், காக்கப்பட வேண்டியவன் கைக்கு வர வேண்டும். அது வரும்வரை, எத்தனை ஆணையங்கள் அமர்ந்து எத்தனை அறிக்கைகள் தந்தாலும், துலாக்கோல் வணிகன் கையிலேயே இருக்கும்; எடை குறைந்தவன் ஏழையாகவே இருப்பான்.